பொழுதுபோக்கு: கைப்பந்து

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
சீனி முகம்மதின் ஜெராக்ஸ் கடையில்
எல்லோருக்கும் ஒரே பயோடேட்டாதான்.
பெயரை அழித்துப் பெயர் போடுவார்.
எனக்கு முன் அந்தக் கோப்பில் இருந்தவன்
தங்கச்சிமடம் பிரிஸ்டன்.
இப்போது குவைத்தில் லாரி ஓட்டுகிறானாம்.
அவனை எழுத்தெழுத்தாகப் பின்னோக்கித் தின்றுவிட்டு
நா. நம்புச்செல்வி, எம்.எஸ்சி., பி.எட்.
என்று என்னைத் தட்டினார்.
கரண்ட் போனது.
வந்ததும் பிரிஸ்டனே இருந்தான்.
மறுபடி அழித்தார்.

டெட் தேர்ச்சி என்று ஒரு வரி.
சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லுமாம்.
ஆயுள் எதைத் தின்று செல்லும் என்று
அதில் அச்சடிக்கவில்லை.

"இருபதுலேர்ந்து இருபத்திமூணு வரைக்கும்
என்னம்மா பண்ணுன? கேப் விழுகுதே.
கேப்பைப் பாத்தா கூப்பிட மாட்டாங்க."

பாசி எடுத்தேன்.
அம்மாவோடு, அப்பா தீவுக்கு இந்தப் பக்கம்,
விரலுக்கு விரல் பழைய சேலைக் கிழிசல் சுற்றி.
மூச்சைப் பிடித்து இறங்கினால்
பாறையை விட்டு மரிக்கொழுந்துப் பாசி
கையோடு வரும்வரை மேலே வரக்கூடாது.
பாதியில் வந்தால் பாசி அங்கே நிற்கும்,
படகு வாடகை இங்கே நிற்கும்.
அதன் லத்தீன் பெயரை
ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் சொல்லிக்கொள்வேன்.
படித்தது கரைந்துவிடக் கூடாதே.

இதை எந்தக் கட்டத்தில் போடுவது?
சீனி முகம்மது காதைக் குடைந்தார்.
"டியூஷன் எடுத்தேன்னு போடுவோம்."
போட்டோம்.
பன்னிரண்டு பிரதி, இருபத்துநாலு ரூபாய்.

முதல் பள்ளியில் நாலு லட்சம் என்றார்கள்,
கொடுப்பது நான்.
இரண்டாவதில் ஒரிஜினல் எல்லாவற்றையும்
பீரோவில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.
பீரோவுக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.
மூன்றாவது பள்ளிக்கு மறுவாரம் போனால்
வாட்ச்மேன் எதையோ விசிறிக்கொண்டிருந்தார்.
கிட்டப் போய்ப் பார்த்தேன்,
ஓரத்தில் என் போட்டோ.

சாயல்குடி ரோட்டில் ஒரு பள்ளி மட்டும்
மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னது.
ஏழாம் வகுப்பு, ஒளிச்சேர்க்கை.
சாக்பீஸ் உடைந்தது, குரல் உடையவில்லை.
பச்சையம் வரைக்கும் வந்துவிட்டேன்.
தாளாளர் பலகையைப் பார்க்கவேயில்லை,
என் தாளின் கடைசி வரியில் விரலை ஊன்றியிருந்தார்.

"கைப்பந்து ஆடுவீங்களா?"

பிரிஸ்டன்.
இரண்டு முறை அழித்தும்
அடியில் ஒரு வரியாகத் தங்கிவிட்டவன்.

எங்கள் கரையில் பயல்கள் ஆடுவார்கள்.
பந்து அலையில் போனால்
நீந்திப் போய் எடுத்துக் கொடுப்பது நான்தான்.
"ஆடுவேன் சார்."

"பி.டி. வாத்தியார் நின்னு மூணு மாசமாச்சு.
சயின்ஸும் பாருங்க, கிரவுண்டும் பாருங்க.
எட்டாயிரம்."
ரெண்டுக்குமா என்று கேட்டேன்.
"ரெண்டுக்கும் சேத்துத்தாம்மா."

திங்கட்கிழமை, கடைசிப் பீரியட்.
புடவைக்கு மேல் கழுத்தில் விசில்.
உடைமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து
கச்சான் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது.
பிள்ளைகள் மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தார்கள்.
விசிலை வாயில் வைத்து ஊதினேன்.
ஊதிக்கொண்டே இருந்தேன்.
ஓடியவர்கள் நின்றார்கள்,
நின்றவர்கள் திரும்பினார்கள்,
யாரோ எண்ணத் தொடங்க மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.
இருபத்தெட்டு வரை வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பின்வரிசையில் ஒருத்தி, எட்டாம் வகுப்பு,
உப்பில் செம்பட்டையான முடி.
"டீச்சர், நீங்க எந்த ஊரு?"

"சின்ன ஏர்வாடி."

"அதான்" என்றாள்.
ஒரு கையைச் சட்டென்று
பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.
நான் பந்தை அவளிடம்தான் முதலில் எறிந்தேன்.
பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.